இமிக்ரேஷன் லாயரைத் தேடுறது எப்படி? 60 நாள் கணக்கும், அடிக்கடி வர்ற கேள்விகளும்

[எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் வரிசை மாற்றியும் கொடுத்திருக்கிறோம்.]

இன்னைக்கு சினிமா இல்ல, சாப்பாடு இல்ல, முழுக்க பேப்பர் வேலைதான். அமெரிக்காவுல ஹெச்-1பி, எஃப்-1, ஹெச்-4 இப்படி ஏதாவது ஒண்ணுல இருக்கிறவங்களுக்கான எபிசோட் இது. மத்தவங்க உங்க அண்ணன், அக்கா, ரூம்மேட் யாருக்காவது அனுப்பி வைங்க. கண்டிப்பா ஒருத்தர் இருப்பாங்க.

முதல்லயே சொல்லிடறேன். நான் லாயர் இல்ல. பதினோரு வருஷமா இந்த ஊர்ல ஃபார்ம் நிரப்பி, மூணு லாயர்கிட்ட காசு கொடுத்து, ரெண்டு பேர்கிட்ட நல்லா கத்துக்கிட்ட ஒரு ஆள். இதுல கேட்கிறதை வச்சு எந்த ஃபார்மும் ஃபைல் பண்ணிடாதீங்க. ஒரு லாயர் முன்னாடி உட்காரும்போது என்ன கேட்கணும்னு தெரிஞ்சுக்கத்தான் இது.

போன மாசம் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. டாலஸ் பக்கத்துல இர்விங்ல இருக்கிற ஒரு தம்பி. "அக்கா, வியாழக்கிழமை காலையில பதினஞ்சு நிமிஷ மீட்டிங். மத்தியானம் லேப்டாப் லாக் ஆயிடுச்சு. நான் ஹெச்-1பி, மனைவி ஹெச்-4, பையன் கிண்டர்கார்டன் போறான். கம்பெனி லாயருக்கு மூணு மெயில் போட்டுட்டேன், பதிலே இல்ல. அவர் என் லாயர்தானே? ஏன் பேச மாட்டேங்குறார்?"

இந்தக் கடைசிக் கேள்வியில இருந்தே ஆரம்பிக்கலாம். ஏன்னா நம்மள்ல பாதிப் பேருக்கு இதுக்குப் பதில் தெரியாது.

அவர் யாரோட லாயர்?

உங்க ஹெச்-1பி பெட்டிஷனை ஃபைல் பண்றது நீங்க இல்ல, கம்பெனி. ஐ-129ங்கிற அந்த ஃபார்ம்ல மனுதாரர் கம்பெனிதான், நீங்க பயனாளி. லாயருக்குக் காசு கொடுக்கிறதும் கம்பெனி. நிறைய லாயர் ஆபீஸ்கள் ரெண்டு தரப்புக்குமே நாங்கதான்னு சொல்லும். வேலையில சேரும்போது கையெழுத்துப் போட்ட பேப்பர் கட்டுக்குள்ள அப்படி ஒரு ஒப்புதலும் இருந்திருக்கலாம், நாமதான் படிச்சிருக்க மாட்டோம். எல்லாம் நல்லா போகும்போது இதுல பிரச்சனை இல்ல. கம்பெனிக்கும் உங்களுக்கும் நலன் வேற வேற ஆகுற அன்னைக்கு, அதாவது லே-ஆஃப் அன்னைக்கு, அந்த லாயரால உங்க பக்கம் நின்னு பேச முடியாது. பல நேரம் பேசவே முடியாது. அவர் கெட்டவர்னு அர்த்தம் இல்ல. அவரோட தொழில் விதியே அப்படி.

அதனால வேலை இருக்கும்போதே சில காகிதங்களைக் கேட்டு வாங்கி வச்சுக்கணும். ஹெச்-1பி அப்ரூவலோட ஐ-797 நோட்டீஸ், எல்சிஏ நகல், க்ரீன் கார்டு ப்ராசஸ் ஆரம்பிச்சிருந்தா பெர்ம் விண்ணப்பத்தோட நகல், ஐ-140 அப்ரூவல் நோட்டீஸ். எல்சிஏ நகலை நீங்க வேலைக்குச் சேர்ற நாளுக்குள்ள கம்பெனி கொடுத்தாகணும்னு விதியே இருக்கு, அதுக்குத் தயங்க வேண்டாம். ஐ-140 கம்பெனியோட பெட்டிஷன்ங்கிறதால சில கம்பெனிகள் தர மாட்டோம்னு சொல்லும். குறைஞ்சபட்சம் ரசீது நம்பரையும் ப்ரையாரிட்டி டேட்டையும் எழுதி வாங்கிக்கோங்க. ஐ-140 அப்ரூவ் ஆகி 180 நாள் தாண்டிடுச்சுன்னா, அதுக்கப்புறம் கம்பெனி அதை வாபஸ் வாங்கினாலும் உங்க ப்ரையாரிட்டி டேட் போகாது, அதைக் காட்டி ஆறு வருஷத்துக்கு மேல ஹெச்-1பி நீட்டிப்பும் கேட்கலாம். இந்தியர்களுக்கு க்ரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம்னு உங்களுக்கே தெரியும். அந்த வரிசையில உங்க இடத்தைக் காட்டுற ஒரே சீட்டு அந்த டேட்தான். அதை லேப்டாப்ல மட்டும் சேமிச்சு வைக்காதீங்க. லேப்டாப் லாக் ஆனா அதுவும் போச்சு.

60 நாள்னா எந்த 60 நாள்?

2017 ஜனவரியில அமலுக்கு வந்த விதி இது. வேலை முடிஞ்சதுல இருந்து அதிகபட்சம் 60 நாள், அல்லது உங்க ஐ-94 முடியுற நாள், இதுல எது முன்னாடி வருதோ அது. ஐ-94 இன்னும் 23 நாள்ல முடியுதுன்னா உங்களுக்கு 23 நாள்தான். ஒரு அப்ரூவல் காலத்துக்கு ஒரு தடவைதான் இது கிடைக்கும். கூட இருக்கிற ஹெச்-4 குடும்பத்துக்கும் இதே கணக்கு. அந்த நாட்கள்ல வேலை பார்க்கக் கூடாது.

எந்த நாள்ல இருந்து எண்றது? பொதுவா கடைசியா எந்த நாளைக்கு உங்களுக்குச் சம்பளம் உண்டோ, அதுக்கு அடுத்த நாள்ல இருந்து. மூணு மாச செவரன்ஸ் கொடுத்தாங்க, அதனால மூணு மாசம் கழிச்சுத்தான் 60 நாள் ஆரம்பிக்கும்னு ஒரு கதை வாட்ஸ்அப்ல சுத்திக்கிட்டே இருக்கு. செவரன்ஸ் சம்பளக் கணக்குல வராது. சில கம்பெனிகள் இன்னும் ரெண்டு மாசம் நீங்க எம்ப்ளாயிதான், ஆனா வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லும். அது வேற மாதிரி, அதுல லாயர்களுக்குள்ளயே ஜாக்கிரதையா பேசுறவங்க உண்டு. உங்க டெர்மினேஷன் லெட்டரைக் கையில வச்சுக்கிட்டுக் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

அந்த 60 நாளுக்குள்ள என்ன செய்யலாம்? புதுக் கம்பெனி உங்களுக்காக ஹெச்-1பி பெட்டிஷன் ஃபைல் பண்ணலாம். அது ஃபைல் ஆயிட்டாலே வேலையை ஆரம்பிக்கலாம், அப்ரூவல் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல. துணைக்கு ஹெச்-1பி இருந்தா நீங்க ஹெச்-4க்கு மாறலாம். படிக்கப் போறீங்கன்னா எஃப்-1. எதுவும் இல்லன்னா ஐ-539 ஃபார்ம்ல பி-2 விசிட்டர் ஸ்டேட்டஸ் கேட்கலாம். இல்ல, கிளம்பலாம். கிளம்புறதும் ஒரு வழிதான், அதைத் தோல்வின்னு நினைச்சுத் தள்ளிப் போடுறவங்கதான் மாட்டிக்கிறாங்க.

கவனிங்க, 60 நாளுக்குள்ள விண்ணப்பம் போய்ச் சேரணும், பதில் வரணும்னு இல்ல. ஆனா பி-2 விண்ணப்பம் நிலுவையில இருக்கும்போது வேலை பார்க்க முடியாது. அந்தச் சமயத்துல புது வேலை கிடைச்சா எப்படி ஃபைல் பண்றதுங்கிறது சிக்கலான விஷயம். ஸ்டேட்டஸ் மாத்துற விண்ணப்பம் நிலுவையில இருக்கும்போது நாட்டை விட்டு வெளியே போனா, அந்த விண்ணப்பத்தைக் கைவிட்டதா எடுத்துக்குவாங்க. அப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னு ஃபோன் வந்து நைட்டோட நைட்டா டிக்கெட் போடுறோமே, அப்போ யாருக்கும் இது ஞாபகம் வராது. ஞாபகப்படுத்த ஒரு ஆள் வேணும். அதுக்குத்தான் சொந்த லாயர்.

"லோக்கல்" லாயர்தான் வேணுமா?

இமிக்ரேஷன் சட்டம் ஃபெடரல் சட்டம். டெக்சாஸ்ல இருக்கிற உங்களுக்காக நியூ ஜெர்சி லாயர் யுஎஸ்சிஐஎஸ்ல ஃபைல் பண்ணலாம். ஏதாவது ஒரு மாநிலத்துல செல்லுபடியாகுற லைசென்ஸ், தொழில் பண்ணத் தடை இல்லாம இருக்கிறது, இது போதும். ஹெச்-1பி மாத்துறது, ஓபிடி, ஐ-539 மாதிரி பேப்பர் வேலைக்கு வீடியோ கால்ல பேசுற நல்ல லாயர், பக்கத்துத் தெரு சுமாரான லாயரை விட எவ்வளவோ மேல்.

பக்கத்துல இருக்கணும்ங்கிற இடங்கள் வேற. க்ரீன் கார்டு இன்டர்வியூவுக்கு யுஎஸ்சிஐஎஸ் ஃபீல்ட் ஆபீஸுக்குக் கூட வர வேண்டியிருக்கும். டாலஸ் ஆட்களுக்கு அது இர்விங்ல. இமிக்ரேஷன் கோர்ட்ல கேஸ் இருக்குன்னா கண்டிப்பா அந்தக் கோர்ட்டையும் அங்க இருக்கிற நீதிபதிகளையும் தெரிஞ்ச ஆள் வேணும். யாரையாவது டிடென்ஷன்ல வச்சிருக்காங்கன்னா அதே நாள்ல அங்க போய் நிக்கிற ஆள் வேணும்.

இன்னொண்ணு, இதை நம்ம பசங்ககிட்ட அழுத்திச் சொல்லணும். போலீஸ் கேஸ். பார்ட்டி முடிஞ்சு வண்டி ஓட்டி டியூஐயில மாட்டுறது, வீட்டுச் சண்டை சத்தம் கேட்டு பக்கத்து வீட்டுக்காரர் 911 அடிக்கிறது. இதுல எல்லாம் மாநில கிரிமினல் லாயர், "சின்ன விஷயம், ஒத்துக்கிட்டா ஃபைனோட முடிஞ்சிடும்"னு சொல்லலாம். சிட்டிசனுக்கு அது முடிஞ்சிடும். விசாவுல இருக்கிறவங்களுக்கு அங்கதான் ஆரம்பிக்கும். டியூஐ கைது ஒண்ணு போதும், தண்டனைக்கு முன்னாடியே கான்சுலேட் விசாவை ரத்து பண்ணலாம். 2010ல பதில்லா எதிர் கென்டக்கி வழக்குல அமெரிக்க உச்ச நீதிமன்றம், கட்சிக்காரர் சிட்டிசன் இல்லன்னா, குற்றத்தை ஒத்துக்கிட்டா நாடு கடத்தப்படுற ஆபத்து இருக்குன்னு கிரிமினல் லாயர் சொல்லியாகணும்னு தீர்ப்பு சொல்லியிருக்கு. ஆனாலும் நீங்களாவே வாயைத் திறந்து, "நான் சிட்டிசன் இல்ல, எதையும் ஒத்துக்கிறதுக்கு முன்னாடி ஒரு இமிக்ரேஷன் லாயர்கிட்ட பேசணும்"னு சொல்லிடுங்க. ரெண்டு லாயரும் ஒருத்தருக்கொருத்தர் பேசணும். இந்த இடத்துல லோக்கல் ஆள்தான் நல்லது.

எங்க தேடுறது, எப்படிச் சரிபார்க்கிறது

ஃப்ரெண்ட் சொன்ன பேர்ல ஆரம்பிக்கிறது தப்பில்ல. ஆனா அந்த ஃப்ரெண்டோட கேஸும் உங்க கேஸும் ஒரே ஜாதியான்னு பாருங்க. கம்பெனிகளுக்கு வருஷத்துக்கு நூத்துக்கணக்குல ஹெச்-1பி ஃபைல் பண்றவருக்கு அசைலம் தெரியாம இருக்கலாம். கோர்ட்ல புலியா இருக்கிறவர் பெர்ம் பக்கமே போயிருக்க மாட்டார். டாக்டர் மாதிரிதான், கண் வலிக்கு எலும்பு டாக்டர்கிட்ட போக மாட்டோம்ல.

அமெரிக்க இமிக்ரேஷன் லாயர்கள் சங்கம், அய்லான்னு சொல்வாங்க, அதோட தளத்துல ஊர், மொழி, எந்த வகை கேஸ்னு தேடலாம். டெக்சாஸ், கலிஃபோர்னியா, ஃப்ளோரிடா, நார்த் கரோலினா இந்த மாநிலங்கள்ல இமிக்ரேஷன் சட்டத்துல தனியா போர்டு சர்ட்டிஃபிகேட்டும் உண்டு. தனிப் பரிட்சை, அனுபவம் எல்லாம் பார்த்துக் கொடுக்கிறது அது. இல்லாதவர் மட்டம்னு இல்ல, இருந்தா ஒரு நல்ல அடையாளம்.

பேர் கிடைச்சதும் அஞ்சு நிமிஷ வேலை ஒண்ணு இருக்கு, அதை யாரும் செய்ய மாட்டேங்குறாங்க. அந்த லாயர் எந்த மாநிலத்துல லைசென்ஸ் வாங்கினாரோ, அந்த மாநில பார் அமைப்போட தளத்துல அவர் பேரைத் தேடுங்க. லைசென்ஸ் இப்போ செல்லுமா, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது இருக்கான்னு காட்டும். நீதித்துறைக்குக் கீழ இயங்குற இமிக்ரேஷன் கோர்ட் நிர்வாகமும், தடை செய்யப்பட்டவங்க பட்டியலை வெளியிடுது. கூகுள் ரிவ்யூ அஞ்சு ஸ்டார் பார்க்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

லாயர் தவிர இன்னொரு வகை ஆட்களுக்கும் சட்ட ஆலோசனை சொல்ல அனுமதி உண்டு. நீதித்துறை அங்கீகாரம் கொடுத்த பிரதிநிதிகள். அங்கீகாரம் பெற்ற லாப நோக்கமில்லாத அமைப்புகள்ல வேலை பார்ப்பாங்க, கட்டணம் குறைவு, சில இடத்துல இலவசம். கத்தோலிக் சாரிட்டீஸ் மாதிரி அமைப்புகள்ல இருப்பாங்க. மதம் பார்த்து உதவி செய்றது இல்ல. யுனிவர்சிட்டி சட்டக் கல்லூரிகள்லயும் இமிக்ரேஷன் கிளினிக் நடக்கும். இமிக்ரேஷன் கோர்ட்ல அரசாங்கம் உங்களுக்கு இலவச லாயர் தராது. கிரிமினல் கோர்ட் மாதிரி நினைச்சுக்கிட்டுப் போகாதீங்க. லாயர் வச்சுக்கிற உரிமை உண்டு, செலவு உங்களோடது. இலவசமா உதவுறவங்க பட்டியலைக் கோர்ட்டே வெளியிடும், அதைக் கேட்டு வாங்கணும்.

இந்த ரெண்டு வகையிலயும் வராத ஆள் உங்களுக்கு எந்த ஃபார்ம் போடணும்னு யோசனை சொன்னா, அங்கிருந்து எழுந்து வந்துடுங்க. ஸ்பானிஷ் பேசுறவங்க மத்தியில "நோட்டாரியோ"ங்கிற பேர்ல பெரிய மோசடி நடக்கும். லத்தீன் அமெரிக்காவுல நோட்டாரியோன்னா பெரிய சட்ட வல்லுநர். இங்க நோட்டரி பப்ளிக்னா கையெழுத்தைச் சாட்சி பார்த்து முத்திரை குத்துற ஆள், அவ்வளவுதான். பேர் குழப்பத்துலயே காசு பார்த்துடறாங்க. நம்ம ஊர் வடிவம் வேற. டிராவல்ஸ், டாக்ஸ் ஃபைலிங், விசா மூணையும் ஒரே கடையில பார்க்கிற அங்கிள். இல்லன்னா, "எங்க கன்சல்டன்சியில எல்லாம் இன்-ஹவுஸா பார்த்துக்கலாம்"னு சொல்ற ஹெச்ஆர். நல்லவராவே இருக்கலாம். தப்பு நடந்தா அவர் லைசென்ஸ் போகாது, ஏன்னா லைசென்ஸே கிடையாது. உங்க ஸ்டேட்டஸ்தான் போகும்.

என் தோழி ஒருத்தி விஷயத்தைச் சொல்றேன், அவள் அனுமதியோட. கணவர் ஹெச்-1பி, இவள் ஹெச்-4. இந்தியாவுக்குப் போய்ட்டுத் திரும்பி வந்தப்போ ரெண்டு பேர் விசாவும் இன்னும் ரெண்டு வருஷம் இருந்துச்சு. ஆனா இவள் பாஸ்போர்ட் எட்டு மாசத்துல முடியுறதா இருந்துச்சு. ஏர்போர்ட்ல அதிகாரி ஐ-94ஐ பாஸ்போர்ட் முடியுற தேதி வரைக்கும்தான் கொடுத்தார். அப்படித்தான் செய்வாங்க. இவள் பாஸ்போர்ட்டைப் புதுப்பிச்சா, வேலை முடிஞ்சதுன்னு இருந்துட்டாள். பாஸ்போர்ட் புதுசானா ஐ-94 தானா நீளாது. அஞ்சு மாசம் கழிச்சு டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்துல, உங்க ஸ்டேட்டஸ் முடிஞ்சுபோச்சேன்னு கவுன்டர்ல சொல்றாங்க.

அன்னைக்கு நைட்டு வாட்ஸ்அப் குரூப்ல பத்துப் பேர் பதில் சொன்னாங்க. "ஒண்ணும் ஆகாது. கான்கூன் போய் ரெண்டு நாள் பீச்ல இருந்துட்டு வா, புது ஐ-94 கிடைச்சிடும்." கேட்க நல்லாத்தான் இருந்துச்சு. டிக்கெட் கூடப் பார்த்துட்டாங்க. நல்லவேளை, போறதுக்கு முன்னாடி ஒரு லாயர்கிட்ட நாப்பது நிமிஷம் பேசினாங்க. அவர் சொன்னது ரெண்டு விஷயம். ஐ-94 தேதியைத் தாண்டித் தங்கினா, பாஸ்போர்ட்ல இருக்கிற விசா ஸ்டாம்ப் சட்டப்படி செல்லாம போயிடும், தேதி பாக்கி இருந்தாலும். அதோட கான்கூன் போயிருந்தா திரும்பி ஃப்ளைட் ஏறவே சிக்கல் ஆகியிருக்கும். ரெண்டாவது, இப்படித் தங்குன நாள் 180ஐத் தாண்டிட்டு நாட்டை விட்டுப் போனா மூணு வருஷத் தடை. ஒரு வருஷத்தைத் தொட்டுட்டா பத்து வருஷத் தடை. இவளுக்கு அப்போ 151 நாள் ஆயிருந்துச்சு.

லேட்டா நீட்டிப்புக் கேட்டு, காரணம் சொல்லி மன்னிக்கச் சொல்ற வழியும் இருக்கு. அது அதிகாரியோட விருப்பம், கிடைக்கலன்னா நாள் ஓடிப் போயிருக்கும். அவங்க கேஸுக்கு, உடனே சென்னைக்குப் போய் கான்சுலேட்ல புதுசா ஹெச்-4 ஸ்டாம்பிங் வாங்குறதுதான் பத்திரம்னு முடிவாச்சு. ரெண்டு வாரத்துல போயிட்டாள். ஸ்டாம்பிங் கிடைச்சுத் திரும்ப மூணு மாசம் ஆச்சு, பெண் குழந்தை அப்பாகூட இங்க. கஷ்டம்தான். மூணு வருஷம் இல்ல, மூணு மாசம். அந்த நாப்பது நிமிஷத்துக்கு அவங்க கொடுத்தது 250 டாலர்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது

நானும் நண்பர்களும் கொடுத்த வரைக்கும், முதல் கன்சல்டேஷனுக்கு 150 டாலர்ல இருந்து 400 வரைக்கும் ஆகியிருக்கு. சிலர் கேஸை எடுத்துக்கிட்டா அதைக் கழிச்சுக்குவாங்க. இலவசக் கன்சல்டேஷன் கெட்டதுன்னு இல்ல, ஆனா பல நேரம் அது கேஸ் பிடிக்கிற பேச்சாத்தான் இருக்கும். காசு வாங்குற ஆள் அரை மணி நேரம் உங்க பேப்பரைப் படிப்பார்.

அந்த அரை மணி நேரத்தை வீணாக்காம இருக்க, ஒரே ஒரு பக்கத்துல உங்க கதையைத் தேதி வாரியா எழுதிக் கொண்டு போங்க. எப்போ வந்தீங்க, எந்த விசா, எப்போ எல்லாம் வெளியே போய்ட்டு வந்தீங்க, எந்தக் கம்பெனி எந்தத் தேதி வரைக்கும், இப்போதைய ஐ-94 எப்போ முடியுது. கூட பாஸ்போர்ட், எல்லா ஐ-797, கடைசி மூணு பே ஸ்டப். மாணவர்னா எல்லா ஐ-20. எப்போவாவது விசா மறுத்திருந்தா, கைதாகியிருந்தா, ட்ராஃபிக் டிக்கெட்டுக்கு மேல எது நடந்திருந்தாலும், சொல்லிடுங்க. லாயர்கிட்ட சொல்றது ரகசியம். நீங்க அவரை வேலைக்கு வைக்காம முதல் பேச்சோட நிறுத்திக்கிட்டாலும் அந்த ரகசியம் பொருந்தும். அவர்கிட்ட மறைச்சு, அரசாங்கத்துக்கு ஏற்கெனவே தெரிஞ்ச விஷயம் இன்டர்வியூ நாள்ல வெளிய வந்தா, அவராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

கேட்க வேண்டியதுல முக்கியமானது: என் கேஸ்ல ரொம்ப மோசமா என்ன நடக்கலாம்? இதுக்கு நேரா பதில் சொல்றவரை நம்பலாம். "நூறு பர்சென்ட் அப்ரூவல்"னு சொல்றவரை நம்பாதீங்க. எந்த லாயராலயும் முடிவுக்கு உத்தரவாதம் தர முடியாது. அப்புறம், என் கேஸை யார் பார்ப்பாங்க, நீங்களா உங்க பாராலீகலா? மெயிலுக்கு எத்தனை நாள்ல பதில்? அரசாங்கம் கூடுதல் ஆதாரம் கேட்டா, ஆர்எஃப்இன்னு சொல்றோம்ல, அதுக்குப் பதில் போடுறது இந்த ஃபீஸ்ல அடங்குமா? கடைசிக் கேள்வியைக் கேட்காம விட்டவங்க நிறையப் பேர் பின்னாடி வயிறெரிஞ்சிருக்காங்க.

ஃபீஸ் பெரும்பாலும் மொத்தமா ஒரு தொகை, அதுல அரசாங்கக் கட்டணம் தனி. எழுத்துல ஒப்பந்தம் வாங்கிக்கோங்க. ஜி-28ங்கிற ஃபார்ம்ல நீங்களும் லாயரும் கையெழுத்துப் போட்டாத்தான் அவர் உங்க பிரதிநிதின்னு யுஎஸ்சிஐஎஸ் பதிவு பண்ணும். ஒருத்தர் உங்ககிட்ட காசு வாங்கிட்டு, ஃபார்ம்ல தன் பேரைப் போடாம "நீங்களே ஃபைல் பண்ணின மாதிரி இருக்கட்டும்"னு சொன்னா, ஏன்னு கேளுங்க. காலி ஃபார்ம்ல கையெழுத்துப் போடாதீங்க. ஃபைல் ஆனதும் ரசீது நம்பர் வாங்குங்க. மூணு எழுத்து, பத்து எண். அதை யுஎஸ்சிஐஎஸ் தளத்துல போட்டா கேஸ் நிஜமாவே போய்ச் சேர்ந்திருக்கான்னு நீங்களே பார்க்கலாம். எல்லாத்துக்கும் முழு நகல் உங்ககிட்ட இருக்கணும்.

இன்னொண்ணு, லாயரோட வேகத்தைப் பாருங்க. 2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை சாயங்காலம், புது ஹெச்-1பி பெட்டிஷனுக்கு ஒரு லட்சம் டாலர்னு அதிபரோட பிரகடனம் வந்துச்சு. லீவுல சென்னையில இருந்தவங்க எல்லாம் அன்னைக்கு நைட்டே டிக்கெட் தேடினாங்க. மறுநாள் யுஎஸ்சிஐஎஸ் விளக்கம் கொடுத்துச்சு, ஏற்கெனவே ஹெச்-1பியில இருக்கிறவங்களுக்கும் அதுக்கு முன்னாடி ஃபைல் ஆனதுக்கும் இல்லன்னு. அந்த ஒரு நாள்ல தன் கட்சிக்காரங்களுக்குத் தெளிவா நாலு வரி மெயில் போட்ட லாயர் யாரோ, அவர் பேரை நண்பர்கள்கிட்ட கேட்டு வாங்குங்க.

நீங்க அனுப்பின மத்த கேள்விகள்

"லாயர் ஃபீஸை என் சம்பளத்துல பிடிக்கிறாங்க, சரியா?" ஹெச்-1பி பெட்டிஷனுக்கான லாயர் செலவு கம்பெனியோட தொழில் செலவு. அதைப் பிடிச்சு உங்க சம்பளம் சட்டம் சொல்ற அளவுக்குக் கீழ போகக் கூடாது. பெர்ம் கட்டத்துல லாயர் ஃபீஸ், விளம்பரச் செலவு எல்லாம் கம்பெனிதான் கொடுக்கணும், திருப்பி வாங்கவும் கூடாது. ஐ-485 செலவை நீங்க ஏத்துக்கலாம். ப்ராஜெக்ட் இல்லன்னு பெஞ்ச்ல உட்கார வச்சு சம்பளம் தராததும் சட்ட விரோதம். பே ஸ்டப்ல அந்த ஓட்டை தெரியும், அடுத்த கம்பெனி ஃபைல் பண்ணும்போது அதுதான் முதல்ல கண்ணுல படும்.

"ஓபிடியில இருக்கேன், வேலை கிடைக்கல, எத்தனை நாள்?" வேலையில்லாத நாள் மொத்தம் 90. ஸ்டெம் நீட்டிப்பு கிடைச்சா இன்னும் 60 சேர்த்து மொத்தம் 150. முதல்ல உங்க யுனிவர்சிட்டி டிஎஸ்ஓகிட்ட பேசுங்க. ஆனா டிஎஸ்ஓ உங்க லாயர் இல்ல, யுனிவர்சிட்டியோட ஆள். சேர்ந்த முதல் நாளே சிபிடின்னு ஆசை காட்டுற காலேஜ்ல சேரலாமாங்கிற கேள்வியை அந்தக் காலேஜ்கிட்டயே கேட்காதீங்க, லாயர்கிட்ட கேளுங்க.

"பாதியில லாயரை மாத்தலாமா?" தாராளமா. புது லாயர் புது ஜி-28 போடுவார். பழையவர் உங்க ஃபைலைக் கொடுத்தாகணும்.

"கேஸ் ரொம்ப நாளா நகரல." உங்க தொகுதி காங்கிரஸ் உறுப்பினர் ஆபீஸ்ல இதுக்குன்னே ஆள் இருப்பாங்க. சிட்டிசனா இருக்கணும்னு இல்ல, அந்தத் தொகுதியில குடியிருந்தா போதும். அனுமதிப் படிவத்துல கையெழுத்துப் போட்டா, அவங்களே யுஎஸ்சிஐஎஸ்கிட்ட விசாரிப்பாங்க. முடிவை மாத்த முடியாது, தூசி தட்ட வைக்க முடியும். காசு கிடையாது.

"இமிக்ரேஷன் ஆபீஸ்ல இருந்து பேசறோம், கிஃப்ட் கார்டு வாங்கி நம்பர் சொல்லுங்கன்னு ஃபோன் வந்துச்சு." வச்சிடுங்க. எந்த அரசாங்க ஆபீஸும் கிஃப்ட் கார்டுல காசு வாங்காது.

"வீடு மாறிட்டோம்." பத்து நாளுக்குள்ள ஏஆர்-11. இலவசம், ஆன்லைன்ல அஞ்சு நிமிஷம். பழைய வீட்டுக்குப் போன நோட்டீஸுக்கு நீங்க பதில் போடலன்னா, கிடைக்கலங்கிறதைக் காரணமா ஏத்துக்க வைக்கிறது கஷ்டம்.

"அம்மா அப்பாவுக்குப் பத்து வருஷ விசா இருக்கு, ஒரு வருஷம் இருக்கலாமா?" பத்து வருஷம்ங்கிறது வந்து போறதுக்கான அனுமதி. எத்தனை நாள் தங்கலாம்னு சொல்றது ஏர்போர்ட்ல கொடுக்கிற ஐ-94, பொதுவா ஆறு மாசம். சிபிபி தளத்துல பாஸ்போர்ட் நம்பர் போட்டா தேதி வரும். அவங்க ஜெட்லாக் தீர்றதுக்கு முன்னாடியே எடுத்துப் பாருங்க, ஃபோன்ல ரிமைண்டர் போடுங்க. நீட்டிப்பு வேணும்னா அந்தத் தேதிக்கு முன்னாடியே ஐ-539 போய்ச் சேரணும்.

ஹெச்-4ல வேலை பார்க்கிற அனுமதி பத்தி மட்டும் பதினேழு கேள்வி வந்திருக்கு. அதை இதுல அடக்க முடியாது, அடுத்த எபிசோட்ல தனியா எடுத்துக்கறேன். அதுக்கான வாய்ஸ் நோட்டை ஞாயித்துக்கிழமைக்குள்ள அனுப்புங்க. பேர், கேஸ் நம்பர் எதையும் அதுல சொல்லாதீங்க.